ஆறு ஏறிய சனிக்கிழமை

கொட்வினுக்குத் தண்ணீர் என்றால் பயம். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதும் இல்லை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் நீண்டகாலமாக வேலை செய்கிறார். ஆளுயர இயந்திரங்கள் தண்ணீரைக் குடித்துத் துப்பும் பகுதிக்கு அவர் போவதில்லை. சூடான உருளைகளுக்குள் படுக்கை விரிப்புகளை விட்டு மறுபக்கம் எடுப்பதுதான் அவருடைய வேலை. "தண்ணி முடிஞ்ச பிறகுதான் துணி என்னட்டை வரும்" என்பார். கோடையில் சனம் ஏரிக்கரைக்குப் போனால் இறைச்சி வாட்டும் அடுப்பை விட்டு நகரமாட்டார். கேட்டால், "இஞ்சை சூடு நல்லாயிருக்கு" என்பார்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, இளவாலையிலிருந்து புறப்பட்டு, கொழும்பு, மொஸ்கோ என்று சுற்றிப் போலந்து எல்லைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. நைசே ஆற்றுக்கு மறுபக்கம் ஜெர்மனி. தண்ணீர் இடுப்பளவுதான் என்று கூட்டிவந்த ஆள் சொன்னான். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நடு ஆற்றில் தண்ணீர் கழுத்துக்கு வந்தது. கொட்வினுக்குப் பின்னால் வந்தவன் சதீசன் என்ற வவுனியாப் பொடியன். வழியில் ஒரே போர்வைக்குள் படுத்து எழும்பியவர்கள். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லை. எந்த இடத்தில் கை விட்டுப்போனது என்றே தெரியவில்லை. குளிரில் விரல்கள் அவ்வளவு மரத்திருந்தன. சதீசன் போலந்துக் கரைக்கே திரும்பினானா, ஆற்றோடு போனானா? அகதி முகாமில் கேட்டார். பிறகு பாரிசில், லண்டனில், ரொறன்ரோவில் இருந்தவர்களிடமெல்லாம் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் ஆறு பார்த்தால் இறங்காமல் வரமாட்டாள் என்பது நேசமலருக்கு வேடிக்கையாக இருந்தது. நேசமலர் கொட்வினுடைய மனைவி. மகள் பிளோறன்ஸ் செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க நெல்மணி அளவு பற்களைச் செதுக்குகிற கை. கூட வேலை செய்த ஒருத்தி ஒருமுறை மீன்பிடிக்கக் கூட்டிப்போனாள். அன்றோடு பிடித்துக்கொண்டது. சோதனை எழுதி அனுமதி எடுத்தாள், இறகும் நூலும் வாங்கித் தூண்டில் பூச்சிகளைத் தானே கட்டினாள், நெஞ்சுவரை வரும் றப்பர் காற்சட்டை ஒன்றும் வாங்கினாள். அவள் தேடிப்போவது ட்ரவுட் மீன். அது இந்த ஊர்க் குளிர் ஆறுகளில் கல்லுக்குக் கல் ஒளிந்து வாழ்வது.

ஒவ்வொரு இலையுதிர்காலமும் அவள் கேட்பாள், "அப்பா, ஒருக்கா வாங்கோவன்." ஒவ்வொரு முறையும் கொட்வினுக்கு வேறு வேலை இருக்கும்.

அந்த வருடம் இரத்தினம் அண்ணை இடையில் புகுந்தார். அவர் மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி. பிளோறன்சைப் பார்த்து வயதுபோன காலத்தில் மீன்பிடி அனுமதி எடுத்தவர். "நீ ஆத்துக்கை இறங்க வேண்டாம் கொட்வின். கரையிலை இருந்து தேத்தண்ணியைக் குடி. இன்னும் பத்துப் பன்ரண்டு நாளிலை காலம் மூடிப்போடுவாங்கள். பிறகு மார்ச் மட்டும் மீன் பிடிக்கேலாது. பிள்ளை எத்தினை வருசமாக் கேக்குது."

கொட்வின் ஓம் என்றார்.

ஒக்ரோபர் மாதச் சனிக்கிழமை. காலை மூட்டம் விலகிய பிறகு சவர்லாண்ட் மலைப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பீச் மரங்கள் மஞ்சளாகி நின்றன. காரை நிறுத்திய இடத்திலிருந்து ஒற்றையடிப்பாதை ஆற்றுக்கு இறங்கியது. பாதைத் தொடக்கத்தில் மஞ்சள் பலகை ஒன்று. மேலே மின்நிலையம் இருக்கிறது, தண்ணீர் திடீரென்று உயரலாம், உயிராபத்து என்று எழுதியிருந்தது. மற்ற மூவரும் கடந்து போய்விட்டார்கள். கொட்வின் நின்று இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, இதிலை எழுதியிருக்கிறது பாத்தனீயோ?"

"ஓம் அப்பா. அணைக்குக் கீழை இருக்கிற எல்லா ஆத்திலையும் இந்தப் பலகை இருக்கு. நான் இஞ்சை எத்தினை தரம் வந்திட்டன்."

ஆற்றைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆறு என்று சொல்லவே முடியாத ஆறு. கற்களுக்கு மேலால் கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. நடுவில் நீளமான கல்திட்டு. அதன் தலைமாட்டில் வளைந்த வில்லோ மரம் ஒன்று தனியாக நின்றது. பிளோறன்ஸ் திட்டுக்கு நடந்துபோய் அதற்கு அப்பால் இருந்த ஆழமான பக்கத்தில் தூண்டிலை வீசத் தொடங்கினாள். இரத்தினம் அண்ணை ஆற்றின் வளைவைத் தாண்டி மேலே போனார். நேசமலர் விரிப்பை விரித்துக் கட்லட்டை எடுத்து வைத்தாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் திட்டிலிருந்து பிளோறன்சின் குரல் கேட்டது. தூண்டில்தடி அரைவட்டமாக வளைந்திருந்தது.

"அப்பா, பெரிசு ஒண்டு. வலை கரையிலை கிடக்கு. ஒருக்காக் கொண்டு வாறீங்களோ?"

நேசமலர் எழும்பப் பார்த்தாள். அவளுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கொட்வின் அவளை இருத்திவிட்டு வலையை எடுத்தார். இரத்தினம் அண்ணை கொடுத்த பழைய றப்பர் சப்பாத்துத்தான் காலில். முதல் கல்லில் காலை வைத்தார். தண்ணீரைப் பார்க்காமல் மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு போனார். குளிர் சப்பாத்துக்கு வெளியேதான் நின்றது. திட்டில் ஏறினார்.

மீனை வலையில் அள்ள அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தரம் தவறவிட்டு மூன்றாம் தரம் அள்ளினார். முழங்கை நீளத்தில், விலாவில் சிவப்புப் புள்ளிகளோடு வலைக்குள் அது துள்ளியது. பிளோறன்ஸ் சிரித்தாள். "அம்மா, அப்பாவைப் பாருங்கோ, ஆத்துக்கு நடுவிலை நிக்கிறார்." கரையில் நேசமலர் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள். கொட்வினுக்கும் சிரிப்பு வந்தது. மகள் மீனை அடித்துப் பையில் வைக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு இன்னும் ஒருக்கால் வீசிப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டபோது, வீசு என்றார்.

முதலில் மாறியது சத்தம். கல்லுக்கு மேலால் கலகலவென்று ஓடிய தண்ணீர் அடங்கிப்போனது. ஏன் இவ்வளவு அமைதி என்று அவர் நிமிர்ந்தார். மஞ்சள் இலைகள் கூட்டம் கூட்டமாக வந்தன. பின்னால் சுள்ளிகள். தண்ணீர் தேத்தண்ணி நிறமாகிக்கொண்டிருந்தது. கரைப்பக்கம் திரும்பினார். அவர் மிதித்து வந்த கற்களில் ஒன்றுகூட இல்லை.

"பிள்ளை" என்றார். கல் கிடந்த இடத்தைக் காட்டினார்.

பிளோறன்ஸ் பார்த்தாள். தடியைக் கீழே போட்டுவிட்டுக் கரைப்பக்கம் இறங்கினாள். முழங்கால், அடுத்த அடியில் தொடை. மூன்றாம் அடியில் அவளுடைய கால் இழுபட்டது. உடம்பு சரிந்து, கையை ஊன்றித் தவழ்ந்து திட்டுக்குத் திரும்பினாள்.

"ஏலாது. கடக்கேலாது. மரத்துக்கு வாங்கோ."

திட்டின் தலைமாட்டுக்கு ஓடினார்கள். திட்டு அவர்களுக்குப் பின்னால் கரைந்துகொண்டு வந்தது. அவர்கள் குந்தியிருந்த இடத்தைத் தண்ணீர் மூடியது, மீன்பை மிதந்து ஒருதரம் சுற்றிப் போய்விட்டது. கரையில் நேசமலர் எழும்பி நின்று கையை ஆட்டினாள். வாய் அசைந்தது, ஆனால் இப்போது ஆறு இரையத் தொடங்கியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

பிளோறன்ஸ் ஒரு கையால் வில்லோ மரத்தைப் பிடித்துக்கொண்டு கைபேசியில் அவசர எண்ணான நூற்றுப்பன்னிரண்டை அழைத்தாள். ஜெர்மனில் பேசினாள், ஒரு டாக்குத்தரைப் பார்க்க நேரம் கேட்பது மாதிரி நிதானமாக. பக்கத்தில் நின்ற கொட்வினுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அரைவாசி ஆயுளுக்கு மேல் பேசிய மொழி அது. வேலைத்தலத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் அதில் விளங்கப்படுத்துவார். இப்போது அது வெறும் சத்தமாக இருந்தது.

"என்ன சொல்லுறாங்கள்?"

அவள் திரும்பி அவருக்கும் ஜெர்மனிலேயே என்னவோ சொன்னாள். அவர் விழித்தார். அவள் கண்ணை மூடித் திறந்து தமிழைத் தேடி எடுத்தாள். "தீயணைப்புப் படை வருது. கிராமத்திலை இருந்து. அசையாமல் நிக்கட்டாம். தண்ணிக்குள்ளை மட்டும் இறங்கவேண்டாமாம்."

"எவ்வளவு நேரமாம்?"

"வருவினம் அப்பா."

தண்ணீர் அவருடைய சப்பாத்துக்குள் நுழைந்தது. அந்தக் குளிரை அவருக்குத் தெரியும். கணுக்காலிலிருந்து அது ஏற ஏற அவருடைய தலைக்குள் ஒன்றுதான் ஓடியது: நின்றால் அகப்படுவோம். அன்று ஆற்றங்கரையில் கூட்டிவந்த ஆள் கடைசியாகச் சொன்னது அதுதான். நிற்காதே, யோசிக்காதே, போய்க்கொண்டே இரு. கரை அதோ தெரிகிறது. நேசமலரின் பச்சைச் சால்வை தெரிகிறது. அவ்வளவு தூரம்தானே.

"இப்ப போகாட்டி பிறகு ஏலாது" என்றார்.

"அப்பா, வேண்டாம்."

"இன்னும் ஏறப்போகுது. வா, கையைப் பிடி."

அவர் மரத்தை விட்டு இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடிக்கு நிலம் இல்லை. தண்ணீர் முழங்காலின் பின்புறம் அடித்து அவரை இருத்தியது. வாய்க்குள் தண்ணீர் போனது. வானம் ஒருபக்கம் சரிந்தது. பிளோறன்ஸ் அவருடைய அங்கியின் பிடரியைப் பற்றியிருந்தாள். மறுகை ஒரு கிளையில். கிளை முறிகிற சத்தம் அவருக்குக் கேட்டது. முறிந்தது சின்னக் கிளை, அவள் அதை விட்டு அடுத்ததைப் பிடித்தாள். எப்படி இழுத்தாளோ, அவர் வயிறு மரத்தில் மோதியது. மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு இருமினார்.

அவள் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அவரைத் தனக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்து, இரண்டு கையையும் அவரைச் சுற்றிப் போட்டு மரத்தைப் பிடித்தாள். மேலேயிருந்து வந்த தண்ணீர் அவள் முதுகில் அடித்துப் பிரிந்தது.

"இனி அசைஞ்சால் நானும் போயிடுவன்" என்றாள் காதுக்குள். "விளங்குதோ?"

"ஓம்."

"சொல்லுங்கோ, அசையமாட்டன் எண்டு."

"அசையமாட்டன்."

அப்போதுதான் அவளுடைய தாடை தன் தோளில் வெடவெடவென்று அடிப்பது அவருக்குத் தெரிந்தது. பல் கிட்டிய நடுக்கம். குளிரா, பயமா? இரண்டும்தான். சின்ன வயதில் இடி இடித்தால் அவள் அவருடைய போர்வைக்குள் வந்து இப்படித்தான் நடுங்குவாள். இவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான் என்று நினைத்தார். பிறகு, இல்லை, அவள்தான் என்னைக் கொண்டுவந்தாள் என்று நினைத்தார். ஒழுங்காக எதையும் நினைக்க முடியவில்லை. மரத்தின் பட்டையில் எறும்பு ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஒரு மரக்கட்டை உருண்டு வந்து பக்கத்தால் போனது. அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்து விட்டார்கள். பிளோறன்ஸ் ஏதோ முணுமுணுத்தாள். அது அம்மா இரவில் சொல்லும் அருள்நிறைந்த மரியே செபம். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவர் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்.

கரையில் இரத்தினம் அண்ணை ஓடிவருவது தெரிந்தது. காரிலிருந்து இழுவைக்கயிற்றைக் கொண்டுவந்து எறிந்தார். கயிறு பாதி வழியில் விழுந்தது. மறுபடி எறிந்தார். மூன்றாவது முறை எறியப்போனவரை நேசமலர் அங்கியில் பிடித்து இழுத்து நிறுத்தினாள், அவரும் விழுந்துவிடுவார் என்று. பிறகு இருவரும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேறு செய்ய ஒன்றுமில்லை.

தீயணைப்புப் படை வந்தபோது கொட்வின் அதைக் கேட்கவில்லை. கரையில் சிவப்புத் தலைக்கவசங்களைத் திடீரென்று கண்டார். கிராமத்து ஆட்கள்தான். ஒருவருடைய காற்சட்டையில் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற் இருந்தது. வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். சற்று மேலே கரை மரத்தில் கயிறு கட்டி, றப்பர் படகை அதில் கொழுவி, ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மெல்ல மெல்லத் திட்டுக்கு வந்தார்கள். படகு சின்னது. ஒருதடவைக்கு ஒருவரைத்தான் ஏற்றலாம்.

"பிள்ளையை முதல்" என்றார் கொட்வின். தமிழில்தான் வந்தது. கையால் காட்டினார்.

அந்தப் பெண் அவருடைய உதட்டைப் பார்த்தாள். உதடு நீலமாகியிருந்தது. அவர் சாதாரணக் காற்சட்டையோடு நனைந்து நின்றார், மகளிடம் றப்பர் உடுப்பு இருந்தது. இல்லையென்று தலையை ஆட்டி, அவரைத்தான் காட்டினாள்.

"போங்கோ அப்பா" என்றாள் பிளோறன்ஸ். "நான் பின்னாலை வாறன்."

அவருடைய விரல்கள் மரத்திலிருந்து கழலவில்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மிதப்பு அங்கியைப் போட்டுப் படகுக்குள் இழுத்தார்கள். படகு திட்டை விட்டு நகர்ந்தது. அவர் பின்பக்கம் திரும்பியே இருந்தார். மரமும், மரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற மகளும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். நடுவில் படகு ஒருதரம் பக்கவாட்டில் திரும்பியது, தீயணைப்பு ஆளின் தோள் அவளை மறைத்தது. கொட்வின் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்குத் தெரியாது. கரையில் நின்ற நேசமலர்தான் பிறகு சொன்னாள், அவர் "சதீசன்" என்று கூப்பிட்டாராம்.

தோள் விலகியது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கரையில் போர்வைக்குள் சுற்றி ஆம்புலன்சுக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். அவர் ஏறவில்லை. படகு திரும்பிப்போய் அவளை ஏற்றி, பாதி வழி வந்து, முக்கால் வழி வந்து, அவள் முழங்காலில் கரையில் விழும்வரை நின்றார். பிறகுதான் ஆம்புலன்சில் ஏறினார்.

மேலே மின்நிலையத்தில் இயந்திரம் பழுதாகி நின்றதால் மதகு தானாகத் திறந்துகொண்டது என்று அன்று பின்னேரம் மருத்துவமனையில் ஒரு காவல்துறை அதிகாரி வந்து சொன்னார். பிளோறன்சுக்கு விலாவில் கன்றல், கையில் தையல். கொட்வினுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, சூட்டுப் போர்வையில் வைத்து அடுத்தநாள் அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் பயம் போகவில்லை. வேலைக்குப் போன முதல் நாள், பக்கத்துப் பகுதியில் இயந்திரம் ஒன்று தண்ணீரை வெளியே விட்ட சத்தத்துக்குக் கையில் இருந்த விரிப்பைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். குளிர்காலம் முழுக்க மகளிடம் ஒன்றையே சொன்னார். "இனிப் போகாதை." அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தபோது அவரே மறுபடி தொடங்கினார்.

"உனக்குப் பயமில்லையோ?"

"இருக்கு" என்றாள். "ராவிலை கனவு வருது. உங்கடை அங்கி கையிலை இருந்து வழுக்குது, வழுக்குது, பிறகு முழிச்சிடுவன்." சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். "அந்தச் சதீசன்… அவரைப் பற்றி எனக்குச் சொல்லுங்கோ. எப்பிடி இருப்பார்?"

கொட்வினிடம் இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. என்ன நடந்தது என்றுதான் கேட்பார்கள். அவர் யோசித்தார். "சுருட்டை மயிர். சும்மா பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான், வாயை மூடடா எண்டு எல்லாரும் பேசுவம். முட்டைப் பொரியல் எண்டால் உயிர்." அன்று நெடுநேரம் சொன்னார். நேசமலர் கோப்பைகளை எடுக்காமல் இருந்து கேட்டாள்.

மார்ச்சில் காலம் திறந்தது. பிளோறன்ஸ் அந்த ஆற்றுக்குப் போகவில்லை, அணை இல்லாத வேறோர் ஓடையைக் கண்டுபிடித்தாள். முதல் சனிக்கிழமை அவள் இரத்தினம் அண்ணையை ஏற்ற வந்தபோது கொட்வின் அங்கியைப் போட்டுக்கொண்டு காரில் ஏறியிருந்தார். அவள் காரை எடுத்தாள்.

இப்போதும் அப்படித்தான். முதல் நாள் பின்னேரமே நீர்மட்டம் சொல்லும் தொலைபேசி எண்ணுக்கு அடித்துக் கேட்பார், காலையிலும் ஒருதரம் கேட்பார். ஓடைக்கு மேலே கற்பாலம் ஒன்று இருக்கிறது. அவர் கரைக்கு இறங்குவதில்லை. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குடையும் கயிற்றுச் சுருளும் பக்கத்தில் இருக்க, மகளைப் பார்த்தபடி நிற்பார். இரத்தினம் அண்ணை கீழேயிருந்து தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார். வாறன் என்பார், போகமாட்டார். தண்ணீரில் இலை கொஞ்சம் கூடுதலாக வந்தால் போதும், கையைத் தட்டுவார். அவள் உடனே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேறி வந்துவிடுவாள். மீன் தூண்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தாலும்.